தும்பா மெஷினில் நான் அழித்த எண்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்கும் காது கிடையாது. மெஷினின் சொந்தக்காரர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் திருப்புளியைக் கையில் எடுத்துவிடுகிறீர்கள். நான் திட்டுகிறேன் என்று சங்கத்தில் போய்ச் சொன்னவன் யார் என்றும் தெரியும். போகட்டும். நானும் அப்படித்தான் இருந்தேன். நெய்யாற்றின்கரையில் கடை போட்டு நாற்பது வருடம் ரயில் நிலைய எடை மெஷின்களும் கண்காட்சி மெஷின்களும் பழுதுபார்த்தேன். கடையை மூடி, இனி ஒன்றும் கற்றுக்கொள்ள இல்லை என்ற கர்வத்தில் இருந்தபோதுதான் என் தொழிலிலேயே பெரிய மடத்தனத்தைச் செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன். ரிலே முனையை எப்படிச் சுத்தம் செய்வது என்பதை எல்லாம் செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுவச்சபுரத்தில் கல்லூரியில் பாடம் எடுக்கும் மீனா என்ற பெண் என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் ஒரு பழைய விளையாட்டு மெஷின் பூட்டிக் கிடக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றாள். பாறசாலைக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. வாசலில் கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் அவளுக்குத்தான், இரண்டு வாரத்தில்.

அவளுடைய அப்பா நீலகண்ட பிள்ளை கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மடிப்புக் கலையாத வேட்டி. வீட்டுக்குள்ளும் கோர்ட்டில் நிற்பதுபோல் நிற்பார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, பார்த்துச் சொன்னால் போதும் என்ற கண்டிப்போடு என்னிடம் பேசினார்.

"வேய், நீரு பாத்துச் சொன்னா மதி. ஒண்ணும் தொடாண்டாம்."

"தொடாம எப்படிப் பாக்கது பிள்ளைவாள்?"

"கண்ணால பாரும். உள்ள என்ன இருக்கோ அத அப்படியே செல்லும். அது தொண்டியாக்கும்."

தொண்டி என்றால் கோர்ட்டில் சாட்சிக்காகச் சீல் வைத்து வைக்கும் பொருள். திருட்டு வழக்கில் கடப்பாரை, அடிதடி வழக்கில் அரிவாள். விளையாட்டு மெஷின் எப்படித் தொண்டியாகும் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, பாலராமபுரத்தில் சொந்தக்காரர்களுக்குக் கல்யாண அழைப்புக் குறி கொடுக்கப் போய்விட்டார்.

மீனா கதவைத் திறந்தாள். அந்த அறையில் ஜன்னல் இல்லை. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அன்று மழை மூட்டம், வெளிச்சம் போதவில்லை. கீழ்ப்பாதியை மட்டும் மூடியிருந்த சாக்கை விலக்கியதும் நான் என் வயதை மறந்துவிட்டேன்.

பின்பால் மெஷின். நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் சரிவான மேசை, அதில் ஸ்பிரிங்கால் இரும்புப் பந்தை உந்திவிட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம். அதன் தலைமாட்டில் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் கண்ணாடிப் பலகை. அதில் கருநீல வானம், வளையம் போட்ட கிரகம், வெள்ளி உடுப்பும் கண்ணாடித் தொப்பியும் போட்டு ராக்கெட்டின் மேல் ஒரு காலை வைத்து நிற்கும் ஒரு பெண். மேசைக்குள் சந்திரன்போல் மூன்று வட்டங்கள். பந்து பட்டால் அவை திருப்பி உதைக்கும். நடுவில் ஒரு பள்ளம். பந்து அதில் விழுந்தால் ராக்கெட்டின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். எல்லாம் ரிலே, காயில், மோட்டார். ஒரு சிப் கிடையாது.

"ராக்கெட் விடுகது தும்பாலல்லா, அதுனால ஊர்ல இதுக்கு தும்பா மெஷின்ணு பேரு மாமா. சித்தப்பா கப்பல்ல எலக்ட்ரீசியனா இருந்தாரு. ஏதோ துறைமுகத்தில ஒரு சாயாக்கடை பூட்டுனப்போ வாங்கிப் பெட்டி கட்டிக் கொண்டுவந்தாராம்" என்றாள் மீனா.

பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே ஒரு தகரத் தகடு, ஏற்றுமதிக்காகச் செய்தது என்று நாலு மொழியில். செய்த நாட்டில் இது வெளிச்சத்தையே பார்த்திருக்காது. இலவச ஆட்டங்களை எண்ணும் உருளை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. துளை உண்டு, சாமான் இல்லை. ஏன் என்று அப்போது புரியவில்லை. சில நாடுகளில் இலவச ஆட்டம் கொடுத்தால் அது சூதாட்டம் என்று சட்டம் இருந்ததாம். அதனால் அங்கே போகும் மெஷின்களில் அதைக் கழற்றிவிட்டே அனுப்புவார்களாம். இதைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அந்தக் காலி இடத்தை விரலால் தடவிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அப்படி நிற்கும்போதுதான் கை தானாக வேலை செய்தது. புள்ளிகளைக் காட்டும் உருளைகள் பத்து. ஒரு ஆட்டக்காரருக்கு ஐந்து வீதம் இரண்டு பேருக்கு. பழைய கிரீஸ் இறுகி உருளைகள் ஒட்டிப்போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றையும் விரலால் தள்ளினேன். டக், டக், டக். பத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

எடை மெஷின்காரனுக்கு இது ரத்தத்தில் ஊறியது. முதலில் பூஜ்யம், மற்றது எல்லாம் அப்புறம். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் தலையில் குட்டியே இதைப் பழக்கினார். நாற்பது வருடம் அது சரியாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு அப்போதுதான் முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்த மீனா கத்தினாள். "மாமா, நம்பர் போச்சு."

"எந்த நம்பர்?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் கதையைச் சொன்னாள். நான் அரை மணி நேரம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கதை.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் அப்போது கைக்குழந்தை. ஒரு பந்த் நாள். பஸ் இல்லாததால் அம்மா வீட்டு ஆட்கள் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கியிருந்தார்கள். பொழுதுபோக அண்ணனும் தம்பியும் மெஷினில் ஆடினார்கள். நீலகண்ட பிள்ளை கடைசிப் பந்து ஆடும்போது மெஷின் செத்துவிட்டது. மேசையைக் குலுக்கினால் ஆட்டம் தானாக நின்றுபோகும்படி உள்ளே ஒரு காவல் உண்டு. தம்பி சிவதாணு எல்லாருக்கும் முன்னால், மாமனார் முன்னாலும்தான், "அண்ணன் குலுக்கிச்சு. கள்ளக்களி" என்று சொல்லிவிட்டார். குலுக்கவில்லை என்றார் இவர். குலுக்கினாய் என்றார் அவர். கோர்ட்டில் வேலை பார்ப்பவரைக் கள்ளன் என்றால் என்ன ஆகும்? அன்றே அறையைப் பூட்டினார். தம்பி பாறசாலை ஸ்டேஷன் பக்கம் தனிவீடு போய்விட்டார். அதன்பின் இருவரும் பேசவில்லை.

"அப்பா எப்பவும் ஒண்ணுதான் செல்லுவாரு. எனக்கு எண்பத்தெட்டாயிரத்து இருநூத்தம்பது, அவனுக்கு அறுபத்தோராயிரத்து தொள்ளாயிரம். ஜெயிச்சிட்டு நிக்கவன் எதுக்குக் குலுக்கணும்? மெஷின்லயே இருக்கு, வேணும்னா பாத்துக்கோண்ணு. இந்த மெஷின்ல கரண்ட் போனாலும் நம்பர் அப்படியே நிக்குமாமே."

"நிக்கும்" என்றேன். நான் தொடுகிறவரை நின்றது.

"சித்தப்பா கல்யாணத்துக்கு வரணும் மாமா. எனக்கு அது மட்டும் மதி. நேரா போய் விளிச்சேன். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் மெஷினைப் பாத்து, அண்ணன் குலுக்கல்லண்ணு செல்லட்டும், நான் வாறேன்னாரு. அப்பாவும் சம்மதிச்சாரு. அதுக்குத்தான் உங்கள விளிச்சது."

நான் பத்து உருளையையும் பார்த்தேன். பத்தும் பூஜ்யம்.

"நம்பர்தான் தெரியுமே" என்றாள் மீனா மெதுவாக. "வச்சிருங்க."

வைத்தேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அந்த அறையில் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 88,250. பக்கத்தில் 61,900. இது பொய் இல்லை, இருந்ததைத்தானே திருப்பி வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு செய்த கை அதை மறைக்கும்போது எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்று கவனியுங்கள்.

சாயங்காலம் நீலகண்ட பிள்ளை வந்து கண்ணாடிப் பலகைக்கு முன்னால் நின்றார். எண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"தொடல்லியே?"

"இல்ல" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறார், மனசு கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது இன்னும் வரும்.

எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மெஷினை ஓடவைத்துத்தான் குலுக்கினாரா இல்லையா என்று பார்க்க முடியும் என்றேன். சரி என்றார். பத்து நாள் தினமும் போனேன். முனைகளைத் தேய்த்தேன், ஃப்யூஸ் மாற்றினேன், எலி கடித்த வயரை மாற்றினேன். சித்தப்பா வியாழக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு. ஞாயிறு கல்யாணம்.

புதன்கிழமை வானம் தெளிந்தது. மத்தியானம் கண்ணாடிப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் சரியாகப் புள்ளிகள் மேல் விழுந்தது. எண்களில் ஒன்று மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. ஒன்பது இலக்கங்கள் பழுத்த மஞ்சள். ஒன்று பால் வெள்ளை. அண்ணனின் புள்ளியில் முதல் இலக்கம், அந்த எட்டு.

பலகையைக் கழற்றி அந்த உருளையை மெதுவாகச் சுற்றினேன். ஒன்பது, பூஜ்யம், ஒன்று, இரண்டு எல்லாம் வெள்ளை. மூன்று வந்ததும் மஞ்சள். மை வெளிறி, மற்ற ஒன்பதோடு அப்படியே பொருந்தியது.

முப்பது வருடமாக வெயில் தினமும் மத்தியானம் வந்து பத்து இலக்கங்களின் மேல் விழுந்திருக்கிறது. நான் அழித்ததை அது முன்பே எழுதி வைத்திருந்தது. நீலகண்ட பிள்ளை எடுத்தது எண்பத்தெட்டாயிரம் இல்லை. முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றைம்பது. அவர் ஜெயித்துக்கொண்டிருக்கவில்லை. மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். பத்து இலக்கத்தில் ஒன்பதை உண்மையாகச் சொல்லி ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்.

மீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்தது.

"பலகையை மாட்டீட்டா மூணு தெரியாதுல்லா மாமா?"

"தெரியாது. எட்டு மட்டும் வெளுத்திருக்கத உத்துப் பாத்தாத்தான் சம்சயம் வரும்."

"ஞாயிறாழ்ச்ச கழியட்டு. அப்புறம் யாருட்ட வேணும்னாலும் செல்லுங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்பா கள்ளம் சொன்னாருண்ணு தெரிஞ்சா சித்தப்பா படி ஏற மாட்டாரு."

அன்று சாயங்காலம் வரை நான் தேடியது ஒன்றைத்தான். தோற்றுக்கொண்டிருந்தவர் குலுக்கினாரா, இல்லையா? எண் அதைச் சொல்லாது. அடிப்பலகையில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உண்டு. ஏற்றுமதி மெஷின் எந்த நாட்டுக்குப் போகும் என்று செய்தவனுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொரு நாட்டு மின்சாரத்துக்கும் ஒவ்வொரு முனை, பக்கத்தில் எண் போட்டு வரிசையாக இருக்கும். இதில் வயர், இருப்பதிலேயே குறைந்த வோல்ட்டேஜுக்கான முனைக்கு மாற்றப்பட்டு கறுப்பு டேப் சுற்றியிருந்தது. முதல் நாளே பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்கவில்லை. யார் மாற்றியது, எதற்கு மாற்றியது என்று இப்போதுதான் கேட்டேன். கேட்டதும் பந்த் என்ற சொல் ஞாபகம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பந்தை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, உருளைகளைத் திரும்ப அதே எண்களில் வைத்தேன்.

அப்போது எனக்கு ஒரு சுகமான வழி இருந்தது. முனையைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். அண்ணன் குலுக்கவில்லை. தம்பி வருவார், கல்யாணம் நடக்கும், எண் பலகைக்குப் பின்னால் கிடக்கும். ராத்திரி சாப்பிடும்போது அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். காலையில் மாற்றிக்கொண்டேன். நேர்மையால் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வதை நம்பித்தான் அந்த மனிதர் படி ஏறப்போகிறார். அந்த எட்டை நானே வைத்துவிட்டு, "மெஷின் சொல்லுது" என்று எப்படிச் சொல்வது? என்றைக்காவது அவர் பலகையைக் கழற்றினால் முனையைப் பற்றி நான் சொன்ன உண்மையும் அதோடு செத்துவிடும்.

வியாழன் மத்தியானம் சிவதாணு வந்தார். ஒல்லியான ஆள், அரைக்கைச் சட்டை, முன்கையில் வெளிறிய பச்சைகுத்து. அறைக்குள் அண்ணனைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். மீனா கதவில் நின்றாள்.

"செல்லுங்க அண்ணே" என்றார் என்னிடம். "குலுக்குச்சா இல்லியா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த நம்பர் மெஷின் வச்சதில்ல. நான் வச்சது. தொடாண்டாம்ணு பிள்ளைவாள் சொன்னாரு, நான் தொட்டு அழிச்சேன். கேட்டப்போ தொடல்லண்ணு கள்ளமும் சொன்னேன்."

பலகையைக் கழற்றி உருளையைச் சுற்றி மூன்றைக் காட்டினேன். சிவதாணு குனிந்து பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்தார்.

"முப்பத்தெட்டு" என்றார். "எனக்கு அப்பவே சம்சயம். முப்பது வருஷம் கள்ளச்சாட்சி சொல்லியிருக்கு."

நீலகண்ட பிள்ளை என்னைப் பார்த்தார், தம்பியை இல்லை.

"அன்னைக்கு எண்பத்தெட்டக் கண்டதுமே எனக்குத் தெரியும், நீரு கை வச்சிருக்கீருண்ணு."

 நான் கேட்டேன். "பின்ன ஏன் செல்லல்ல?"

"நீரு ஏன் செல்லல்ல?"

 அவரே தொடர்ந்தார்.

"தோத்துட்டு நின்னேன்ணு ஒத்துக்கிட்டா குலுக்குனேன்ணு ஆவும். அதுனால நம்பர்ல ஒரு அக்கத்த மாத்திச் சொன்னேன். சொல்லிச்சொல்லி அதத் திருப்பி எடுக்க வழியில்லாம ஆச்சு. எனக்க வாயால வராது. மூணாம் மனுஷன் ஒருத்தன் உள்ள போய், முப்பத்தெட்டாக்கும் இருக்குண்ணு அவனாப் படிச்சுச் சொல்லட்டும்ணுதான் உம்ம விளிச்சது. பாத்துச் சொன்னா மதிண்ணு சொன்னேன். சொன்னேனா இல்லியா?"

சொன்னார். அந்த வாக்கியத்தில் அவர் கேட்டது அவ்வளவுதான். நான் அதைத் தெரியாதவன் பேச்சு என்று தள்ளிவிட்டு, அவர் முப்பது வருடம் கழித்துத் திறந்த ஒரே கதவையும் சாத்தியிருந்தேன். அதற்குமேல் அவருடைய பொய்யையே மெஷினில் ஏற்றிவிட்டு வந்திருந்தேன்.

சிவதாணு வாசலுக்குத் திரும்பினார்.

"நில்லும்" என்றேன், சத்தமாகவே. "கேட்டதுக்கு இன்னும் பதில் செல்லல்ல. மேசையில யாரும் கை வைக்காண்டாம்."

சுவிட்சைப் போட்டேன். பட்டனை அழுத்தி ஆட்டத்தைத் தொடங்கினேன். உருளைகள் ஓடி நின்றன. பந்தை இழுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். பந்து முதல் சந்திரனில் பட்டது. அது உதைத்த உதையில் மேசையே குதித்தது. இரண்டாவது உதையில் விளக்குகள் அணைந்தன. ஆட்டம் செத்தது.

"யாரு குலுக்குனது?" என்று கேட்டேன்.

சிவதாணு தொழில் தெரிந்தவர். மண்டியிட்டு அடிப்பலகையைப் பார்த்தார். டார்ச்சை நான் பிடித்தேன்.

"இது எனக்க டேப்பு" என்றார்.

"எதுக்கு மாத்துனீரு?"

"அப்ப இங்க சாயங்காலமானா வோல்ட்டேஜ் கெடையாதே. லைன் இங்கதான் முடியுது. பந்து மேல ஏறாது. அதுனால குறைஞ்ச முனைல குடுத்தேன்."

"சரி. அந்தப் பந்த் நாள்ல?"

அவர் எழுந்திருக்கவில்லை. பந்த் நாளில் அரிசி மில்லு, மர மில்லு, கடைகள் எல்லாம் மூடியிருக்கும். அன்று மட்டும் வீட்டு பல்புகள் எப்படி எரியும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழு மின்சாரம் குறைந்த முனையில் ஏறியதும் காயில்கள் இரண்டு மடங்கு உதைத்திருக்கின்றன. அந்த அதிர்ச்சியில் குலுக்கல் காவலின் தகடு தானே துள்ளித் தொட்டிருக்கிறது. அண்ணன் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்.

"குலுக்கல்ல" என்றார் சிவதாணு தரையைப் பார்த்து. "அண்ணன் குலுக்கல்ல."

"அதத்தானலே நான் அன்னைக்கும் சொன்னேன்" என்றார் நீலகண்ட பிள்ளை. குரல் உயரவில்லை.

"கூட ஒரு அம்பதாயிரமும் சேத்துல்லா சொன்ன."

மீனாதான் முதலில் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் நீலகண்ட பிள்ளை முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"ஞாயிறாழ்ச்ச எட்டு மணிக்கு முன்ன வந்திரணும். பந்தி நீதான் பாக்கணும். எனக்கு ஓட முடியாது."

"பாயசம் எத்தன கூட்டம்?"

"மூணு."

"ரெண்டு போதும். மூணாவதத் திங்க யாருக்கும் வயிறு இருக்காது."

"அத நீ தீர்மானிக்காண்டாம்."

நான் வயரைச் சரியான முனைக்கு மாற்றினேன். அந்தக் கறுப்பு டேப்பைச் சிவதாணு கேட்டு வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்தில் நீலகண்ட பிள்ளை என்னைச் சம்பந்திக்கு அறிமுகம் செய்தார். "இவராக்கும் தொண்டிய அழிச்ச ஆளு." நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாயசம்.

பந்தி முடிந்து அந்த அறைப் பக்கம் போனேன். கதவு திறந்து கிடந்தது. அண்ணனும் தம்பியும் மெஷினுக்கு முன்னால் நின்றார்கள். யாரோ உருளைகளைப் பழைய இடத்துக்கே சுற்றி வைத்திருந்தார்கள். 38,250. 61,900. பத்து இலக்கமும் மஞ்சள்.

"அழிச்சிரட்டுமா?" என்றார் தம்பி.

"ம். அழி."

சிவதாணு பட்டனை அழுத்தினார். பத்து உருளைகளும் கடகடவென்று ஓடி, ஒவ்வொன்றாகப் பூஜ்யத்தில் வந்து நின்றன. நான் கதவுக்கு வெளியே, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

"முதல்ல அண்ணன் ஆடு. குலுக்கப்பிடாது கேட்டியா."

"எலே, நீ முதல்ல கரண்ட நோக்கு."